நாற்பத்தெட்டுக் கையெழுத்து

அந்த வீட்டில் அவளுக்கு யாரையும் பிடிக்காது. வீட்டுக்காரரைப் பிடிக்காது, அவர் மனைவியைப் பிடிக்காது, தன்னை அங்கே அனுப்பிய கம்பெனி முதலாளியை நினைத்தாலே வாய் கசக்கும். படுக்கையில் கிடந்த பெரியவரைக்கூட முதல் மாதம் பிடிக்கவில்லை. சூப் கரண்டியைத் தட்டிவிட்டு, ஏதோ சாதித்துவிட்டவர் போல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டோடு தங்கி ராப்பகலாகப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் கம்பெனி அது. சேருகிறவர்கள் ஆறு மாதத்தில் தலைதெறிக்க ஓடிவிடுவார்கள். இவள் ஒன்பது வருஷம் தாக்குப்பிடித்ததால் எல்லோருக்கும் 'சீனியர்' ஆகிவிட்டாள். அதற்கு முன்னால் இதே வேலையை மாமனாருக்கு ஆறு வருஷம் சும்மா செய்தவள். மாமனார் போனதும் சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து, இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைக்கும் என்று உருகினார்கள். அந்த ஆறு வருஷத்தில் அவர்களில் ஒருவரும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. பாராட்டைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மறு மாதமே கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.

முதலாளி முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். இப்போது ஆள் அனுப்புகிறார், பேச்சு மட்டும் மாறவில்லை. விசிட்டிங் கார்டில் எம்.டி. என்று போட்டிருப்பார். யாராவது டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் திருத்தமாட்டார். அவர் கொடுக்கும் பயிற்சி இரண்டே நாள், அதுவும் ஒரு ரப்பர் பொம்மையை வைத்து. பொம்மை மூன்று கிலோ, பெரியவர் எண்பத்திரண்டு கிலோ. பொம்மை வலிக்கிறது என்று முனகுவதும் இல்லை.

அந்தத் தொழிலில் எல்லாமே ஒரு நீலத் தாளில்தான் நடக்கும். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க என்று மாற்றிப் போட வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் செத்து, படுக்கைப்புண் வந்துவிடும். ஒவ்வொரு தடவை மாற்றியதும் தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கம்பெனி ஆட்கள் காலை டீ ஆறுவதற்குள் அன்றைய தாளை முடித்துவிடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நோயாளி வலப்பக்கம் படுத்து நிம்மதியாக இருந்தார் என்பது காலை எட்டு மணிக்கே தெரிந்துவிடும். சீனியரும் அப்படித்தான் எழுதுவாள். ஆனால் எழுதியபடி புரட்டவும் செய்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

பெரியவர் முப்பது வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். பக்கவாதம் பேச்சைக் கொண்டுபோய்விட்டது, இடக்கை மட்டும் மிச்சம். புரட்டப் போகும்போதெல்லாம் அந்தக் கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். கட்டில் சக்கரத்தின் பூட்டைப் போட்டாயா என்று அர்த்தம். இரண்டாவது மாதம்தான் அவளுக்கு அது புரிந்தது. அந்த வீட்டிலேயே வேலையைப் பற்றிச் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் பேச்சு வராதவர்தான். அன்றிலிருந்து அவரைப் பிடித்துப்போனது.

மகனும் மருமகளும் மாடியில் இருந்தார்கள். மகன் காதில் ஹெட்போனோடு தினமும் ஒரு தடவை இறங்கி வருவார். வாசற்படியிலேயே நின்று, கதவில் தொங்கும் நீலத் தாளை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அப்பா தாளுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் கிடந்தார், அவ்வளவு தூரம் கண் போகாது. மருமகள் கதவை ஒரு சாண் திறந்து டீயை ஸ்டூலில் வைத்து, வாசனை ஸ்ப்ரேயை ஒரு அடி அடித்துவிட்டு மூடிவிடுவாள். ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று அவளுக்குப் பயம். அதனால் சீனியர் எந்நேரமும் மாஸ்க்கும் தொப்பியும் நீலக் கோட்டுமாகவே இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

சீனியரின் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் வந்தது. நாலு நாள் லீவு கேட்டாள். எம்.டி. உடனே சரி என்றார், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அனுபவமுள்ள ஒரே ஆள்தான் இருப்பார், மாற்றமாட்டோம் என்று அந்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதனால் மாற்று ஆளைச் சத்தமில்லாமல் அனுப்புவாராம், நாலு நாள் தாளிலும் அவளே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டுமாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, மொத்தம் நாற்பத்தெட்டு. இந்த ஆள் பொழைக்கிற பொழைப்பைப் பார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் போட்டுக் கொடுத்தாள். தாளில் என்ன இருக்கிறது, வருகிறவள் புரட்டினால் போதாதா என்று நினைத்தாள்.

வந்தவள் புரட்டவில்லை. தாளில் எல்லாம் முடிந்திருக்கும்போது அவள் எதற்கு முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும்?

ஐந்தாம் நாள் காலை, மாற்று ஆள் கிளம்பிப் போன பிறகு, சீனியர் திரும்பி வந்து கதவைத் திறந்ததுமே ஸ்ப்ரே வாசனையையும் மீறி அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பெரியவரைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருத்து, நடுவில் பிளந்து சீழ் வைத்திருந்தது. நாலு நாளும் மல்லாக்கவே கிடந்திருக்கிறார். அவள் "ஐயா" என்று கூப்பிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் எம்.டி.க்குப் போன் போட்டாள். பவுடர் போட்டு மூடு, டயப்பரைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டு, வீட்டு ஆட்கள் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்றார். டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றாள். அவர் குரல் தேன் மாதிரி ஆகிவிட்டது.

"தாராளமா கூப்பிடுங்க சீனியர். தாள்ல இருக்கிறது உங்க கையெழுத்துதானே? புண்ணு யார் கையில வந்துதுன்னு அவங்களே படிச்சுக்குவாங்க."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஒன்பது வருஷமாக ஏளனம் செய்தவளுக்கு, கண்ணாடியில் தெரிந்த மாஸ்க் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் இந்த வேலை போகும், வேறு கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது. மூடிக்கொண்டால் சீழ் எலும்புக்குள் இறங்கும், அவர் ஒரு மாதம் தாங்கமாட்டார். யாரும் அவளைக் கேட்கப் போவதும் இல்லை. அந்த வசதிதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே நின்று இரண்டு பேரையும் கூப்பிட்டாள். வந்தார்கள், வழக்கம்போல் வாசற்படியில் நின்றார்கள். புண் வந்திருக்கிறது, உடனே டாக்டர் வர வேண்டும் என்றாள். மகன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தாளைப் புரட்டினார்.

"எல்லா டிக்கும் கரெக்டா இருக்கே?"

"அது பொய் சார். கையெழுத்து என்னோடது. ஆனா அந்த நாலு நாளும் நான் இங்க இல்ல. வேற ஒருத்தி இருந்தா. அவ ஐயாவைத் திருப்பவே இல்ல."

மருமகள் புருவத்தைச் சுருக்கினாள். "என்ன உளறுறீங்க? நேத்துகூட உங்களுக்கு டீ வெச்சேன். தேங்க்ஸ்னு சொன்னீங்களே."

சீனியருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வந்தவளைக் கம்பெனியில் பார்த்திருக்கிறாள், இவளைவிட ஒரு சாண் உயரம், பாதி உடம்பு. நாலு நாள் அவர்கள் வீட்டில் தின்று தூங்கியிருக்கிறாள். ஒரு நீலக் கோட்டுக்கும் இன்னொரு நீலக் கோட்டுக்கும் இவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எம்.டி.க்கு அது முன்பே தெரிந்திருந்தது.

மாஸ்க்கைக் கழற்றினாள். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை அவர்கள் பார்த்தார்கள். அப்போதும் இவள்தானா அவள் என்று சொல்லத் தெரியாமல் விழித்தார்கள்.

மகனுக்குக் கோபம் வந்தது. புண்ணின் மேல் அல்ல, ஏமாற்றியதன் மேல். அங்கேயே நின்று எம்.டி.யைப் போனில் பிடித்து, ஒப்பந்தம், நம்பிக்கை, கேஸ் என்று வறுத்தெடுத்தார். எம்.டி. பழியைச் சீனியர் தலையில் கட்டிவிட்டு, அவளை இந்த நிமிஷமே வேலையிலிருந்து தூக்கிவிட்டதாகச் சொன்னார். மருமகள் டாக்டருக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் வருகிறேன், அதுவரை முதுகு படுக்கையில் படக் கூடாது, இழுக்காமல் இரண்டு பேராகத் தூக்கித் திருப்புங்கள் என்றார் டாக்டர்.

"போனை வைங்க சார். இந்தப் பக்கம் வாங்க, இடுப்பைப் பிடிங்க" என்றாள் சீனியர்.

வேலையை விட்டுத் தூக்கப்பட்டவள் அதிகாரம் செய்கிறாளே என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. தொட்டால் சுட்டுவிடும் என்பது போல் விரல்நுனியை மட்டும் வைத்தார். உள்ளங்கையை வைங்க என்றாள். வைத்தார்.

பழக்கமில்லாத கை பட்டதும் பெரியவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, யார் என்று பார்த்தார். மகனைக் கண்டதும் உடம்பு விறைத்தது. இடக்கை காற்றில் துழாவி, சீனியரின் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தன்னை மன்னித்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை. கீழே போட்டுவிடுவார்களோ என்று பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.