பாட்டில்லாத பாடகன்

திண்டிவனத்தில் அந்தத் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அங்கே யார் வீட்டு விசேஷம் என்றாலும் நான் போவதில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எண்பதுகளில் நான் விழுப்புரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த என் தாய்மாமன் மகளைத்தான் எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் இஷ்டம்தான். மாமாதான் பிடி கொடுக்கவில்லை.

"கிட்டாரைத் தட்டிக்கினு ஊர் ஊரா திரியறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்பார்.

அப்போதுதான் அந்தத் தியேட்டருக்கு ஓர் ஆங்கிலப் படம் காலைக்காட்சியாக வந்தது. அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் பிறந்த காலத்துப் பாடகன் ஒருவனின் வாழ்க்கைக் கதை. மதராஸில் அதைப் பார்த்து அழுதவன் நான். அவன் கிதாரை எடுத்துப் பாடத் தொடங்கியதும், ஏளனம் பேசிய கூட்டமே எழுந்து ஆடும். மாமா அந்தக் காட்சியைப் பார்த்தால் போதும், மனம் இளகிவிடும் என்று நம்பினேன். கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன்.

திரையில் அவன் மேடை ஏறினான். கிதாரைத் தோளில் மாட்டினான். வாயைத் திறந்தான். அடுத்த நொடி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, எப்பதான் பாடுவான்?" என்றார் மாமா.

"இதோ, அடுத்ததுல பாடுவாரு மாமா."

அடுத்ததிலும் பாடவில்லை. காதலித்தான், சண்டை போட்டான், கல்யாணம் செய்தான், செத்தும் போனான். ஒரு பாட்டு இல்லை. அத்தனையையும் வெட்டியிருந்தார்கள்! படுபாவிகள்!

மாமாவையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "மேட்னிக்குள்ள முடிக்கணும் தம்பி. இங்கிலீஷ் பாட்டு வந்தா பாதிப் பேரு பீடி புடிக்கப் போயிடறான். சண்டைய வெட்டுனா ஜனங்க சீட்டைக் கிழிப்பாங்க. பாட்டை வெட்டுனா யாரு கேக்கறாங்க? நீதான் மொத ஆளு."

நான் மாமா பக்கம் திரும்பினேன். "நீங்களே சொல்லுங்க மாமா, மல்லாட்டையில பருப்பை எடுத்துட்டுத் தோலை வித்தா ஒத்துக்குவீங்களா?"

"தோலும் விக்குதுடா, அடுப்பெரிக்க" என்றார் மாமா.

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

பேருந்து நிலையம் வரை மாமா கூடவே வந்தார். விழுப்புரம் வண்டி வந்து நின்றதும் என் தோளில் கை போட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆசையாகச் சொன்னார்.

"பாட்டை எடுத்துட்டாலும் கதை நல்லாத்தான்டா ஓடுது. உனக்கும் ஓடும். மண்டிக்கு வந்துடு. ஆடி போவட்டும், ஆவணியிலயே கல்யாணத்த வச்சுக்கலாம்."

வந்தேன். தாலி கட்டினேன். கிதார் பரணுக்குப் போனது. மண்டி, வீடு, பிள்ளைகள் என்று மாமா சொன்னபடியே கதை இன்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.