ஷிஃப்டுக்கு ஒரு மாத்திரை: ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு நோயாளியை அழைத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, என் அண்ணன் சேவியரை அழைத்துப் போனேன். வயது நாற்பத்து மூன்று. சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஐந்து வருடமாகச் சர்க்கரை. ஒரு மாதமாகக் கால் வீக்கம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அண்ணி போன் செய்தார்.

டாக்டரிடம் காட்டப் பெங்களூர் பக்கம்தான். தூரத்தில் மட்டும். மதியம் மூன்றரைக்கு அண்ணனுக்கு பி ஷிஃப்ட். அந்த நெரிசலில் போய்த் திரும்ப முடியாது. கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர். அரசுப் பேருந்து, ஒன்றேகால் மணி நேரம், நாற்பத்தைந்து ரூபாய். இதய மருத்துவர் ஒருவர் காலையிலேயே பார்ப்பதாக விசாரித்து வைத்திருந்தேன்.

ஏழு மணி வண்டி. மூன்று பேர் சீட்டில் அண்ணன் ஒரு காலை நீட்டி வைத்திருந்தார்.

"காலை எறக்குங்க சார். அதுக்கும் டிக்கெட் போடட்டுமா?" என்றார் கண்டக்டர்.

"போடுங்க. ஆஃப் டிக்கெட். ஒரு காலுதானே."

கண்டக்டர் சிரித்தார். பிறகு குனிந்து பார்த்தார். அடுத்த சீட்டுக்குப் போனார்.

"நின்னு நின்னு வர்றதுடா இது. லைன்ல எல்லாத்துக்கும் இருக்குது" என்றார் அண்ணன். கம்பெனி ஸ்டோரில் கேட்டு ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கியிருந்தார். அதையும் இப்போது கட்ட முடியவில்லை.

சூளகிரி தாண்டியபோது மாத்திரைப் பையை வாங்கிப் பார்த்தேன். எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"ஷிஃப்டுக்கு ஒண்ணு."

"டபுள் ஷிஃப்ட் பார்த்தா?"

"ரெண்டு. இதென்னடா கேள்வி. சோறும் அப்படித்தானே."

தினமும் காலையில் ஒன்று என்றுதான் ஓசூர் டாக்டர் சொல்லியிருக்கிறார். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிற மனிதனுக்குக் காலை என்பது வேலைக்குக் கிளம்பும் நேரம். பொங்கல் முடிந்ததிலிருந்து ஆர்டர் அதிகம். பல நாள் அவருக்கு இரண்டு காலை.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். எக்கோ எடுத்தார்கள். மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பயோகிளிட்டசோன். சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுப்பது.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. இந்த வகைச் சர்க்கரையில் பலருக்கும் இன்சுலின் இருக்கிறது; உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. கொழுப்பு செல்களில் இடம் போதாமல் கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது. அங்கே இன்சுலின் எடுபடாது. இந்த மாத்திரை புதிய, சிறிய கொழுப்பு செல்களை உருவாக்குகிறது. அலைகிற கொழுப்பு அவற்றுக்குள் போகிறது. ஈரலும் தசையும் மறுபடி இன்சுலினுக்கு இணங்குகின்றன. முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகலாம். இதே மாத்திரை சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும்படியும் செய்கிறது. பலவீனமான இதயம் அந்த நீரைத் தாங்காது.

கொழுப்புக்கு இடம் கிடைத்தது. தண்ணீருக்கும்.

"இதயம் முன்னாடியே பலவீனமா இருந்திருக்கணும். உங்களுக்குத் தெரியல. இந்த மாத்திரைய இதோட விடுங்க. இன்னைக்கே அட்மிட் ஆகணும்" என்றார்.

"ஞாயித்துக்கெழம வந்துடறேன் மேடம்."

"அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

அண்ணன் தலையாட்டினார், சூப்பர்வைசரிடம் ஆட்டுவது போல. மருத்துவர் நீர் பிரிய மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வண்டியில் கெஞ்சிப் பார்த்தேன்.

"லீவு சொல்லுண்ணா."

"காண்ட்ராக்டுக்கு ஏதுடா லீவு. ஆளுதான் மாறும்."

"நம்ம ஊருக்கே போயிடலாம், சாமல்பட்டிக்கு."

"போயி? அங்க என்னா மெஷின் ஓட்றது?"

கொஞ்ச தூரம் போனதும் தூங்கிவிட்டார். வாய் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடி. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை அண்ணி பிறகுதான் சொன்னார்.

சிப்காட் நிறுத்தத்தில் அவராகவே எழுந்து இறங்கினார். ஆட்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நான் இறங்கவில்லை. இறங்கி என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை லைனிலேயே சரிந்தார். உயிர் இருக்கிறது. இனி நின்று செய்யும் வேலை கிடையாது. வேறு வேலையும் கிடையாது. மறுநாளே அவர் இடத்தில் வேறொருவர் நின்றதாக அவரோடு வேலை செய்யும் நண்பர் சொன்னார். அந்த ஆளின் மேலும் கோபம் வரவில்லை. யார் மேலும் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏழு மணி வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். எட்டுக்கு மேல் கிடைக்காது. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஷிஃப்ட் வேலை என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எந்த மாத்திரையானாலும் கடிகார நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கால் வீங்கினால், திடீரென்று எடை ஏறினால், மூச்சு வாங்கினால், அன்றே காட்டுங்கள்.

அன்றே அட்மிட் ஆகச் சொல்லலாம்; மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். கையில் இருந்திருந்தால், "இங்கயே அட்மிட் ஆயிடுண்ணா" என்று சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இருந்திருக்காது.