ஹவாய் அருள்முருகனும் முனியசாமி சாம்பாரும்

எங்கள் ரூமில் ஒரு ஹவாய்ப் பாடகன் இருந்தான் என்றால் துபாயில் எங்கள் தேரா ஏரியாவில் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அருள்முருகன் முதுகுளத்தூர்க்காரன். ஹவாய் எந்தத் திசையில் இருக்கிறது என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது.

2003இல் துபாய் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் நீச்சல்குளம் கழுவத்தான் வந்தான். வியாழக்கிழமைதோறும் அங்கே ஹவாய்க் கச்சேரி நடக்கும். பாடிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் கப்பல் வேலைக்குப் போய்விட, ஊர்த் திருவிழாக்களில் கிட்டார் வாசித்த இவனைப் பிடித்து மேடையேற்றினார் மேனேஜர். பூப்போட்ட சட்டை, பிளாஸ்டிக் மாலை, கைக்குழந்தை அளவில் ஒரு கிட்டார். "இனிமே நீ ஹவாய்க்காரன். பாட்டுக்குத் தவிர வாயத் தொறக்காத" என்று உத்தரவு.

அந்தக் கச்சேரிக்கு வாசிக்கும் ரெகே தாளம் அவனுக்கு உடனே பிடிபட்டது. ஊரே தட்டும் இடத்தில் சும்மா இருந்துவிட்டு, சும்மா இருக்கும் இடத்தில் தட்ட வேண்டும். பிறவியிலேயே அவன் அப்படித்தான். ஆனால் ஹவாய் பாஷைக்கு எங்கே போவது? மனதில் கிடந்ததைத் தமிழிலேயே இழுத்துப் பாடினான். மனதில் கிடந்தது முனியசாமியின் சாம்பார்.

ரூமில் ஆளுக்கொரு நாள் சமையல் முறை. மேஸ்திரி முனியசாமி சிமெண்டுக்கு மணல் சேர்ப்பதுபோல உப்புப் போடுவான். கேட்டால், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சண்டைக்கு வருவான்.

"முனியசாமி வச்ச சாம்பாரு, கடலாட்டம் கரிக்குதே..."

வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி ஆடினார்கள். ரஷ்யாக்காரி ஒருத்தி தேம்பி அழுதாள். அர்த்தம் புரிந்த மலையாளி வெயிட்டர்கள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டுத் தூக்கினார்கள். சம்பளம் ஏறியது. ஊரில் அவன் மனைவி நாகஜோதி கட்டிவந்த வீட்டுச் சுவரெல்லாம் அந்தச் சாம்பாரில் எழும்பியதுதான்.

2009இல் கூட்டம் வற்றி, ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி காலியாகத் தெரியாமலிருக்க, சலவைச் சட்டையோடு ரூம் ஆட்களைக் கூட்டிவரச் சொன்னார் மேனேஜர். நானும் முனியசாமியும் போய் உட்கார்ந்தோம். முன்வரிசையில் ஹோட்டல் முதலாளி அரபி; பக்கத்தில் அவருடைய விருந்தாளி, அசல் ஹவாய்க்காரர். அருள்முருகன் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கு வேறு பாட்டும் தெரியாது. அதையே பாடினான்.

"இது எங்க பாஷையே இல்லையே" என்றார் விருந்தாளி.

முதலாளி எழுந்தார். "இத்தனை வருஷமும் பொய்யா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஊர்தான் பொய், அர்பாப். பாட்டு நெசம். இவன் வைக்கிற சாம்பாரத்தான் பாடுறேன்" என்று முனியசாமியைக் காட்டினான்.

முனியசாமி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தான். "ஒலகம் பூரா என் சாம்பாரையாடா நாறடிச்ச?"

"அவனை வைக்கச் சொல்லு" என்றார் முதலாளி. "பாட்டு உண்மைன்னா இரு. பொய்னா கலாஸ், வேலை முடிஞ்சது, ஊருக்குப் போ."

ஹோட்டல் அடுப்படியில் முனியசாமி ரோஷத்தோடு சமைத்தான். உப்பை விரல்நுனியில் கிள்ளிப் போட்டான். ருசி பார்த்தேன். அமிர்தம்! அடப்பாவி, இத்தனை நாளும் இந்தக் கையை எங்கே வைத்திருந்தாய்?

அருள்முருகனும் ஒரு கரண்டி வாங்கிக் குடித்தான். "நல்லாருக்கு மாப்ள" என்று சொல்லி, பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

முனியசாமி அந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுக்குத் தளம் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, உப்பு டப்பாவை அப்படியே சட்டியில் கவிழ்த்தான் முனியசாமி. எனக்கு அவன்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

முதலாளி ஒரு வாய் குடித்துத் துப்பினார். தண்ணீர் கேட்டார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஹவாய்க்காரர் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னார். வேலை தப்பியது.

இப்போதும் ரூமில் யாராவது சாம்பாரைக் குறை சொன்னால் முனியசாமி எகிறுவான்: "வாழ்க்கையில அன்னைக்கு ஒருநாள்தான்டா எனக்கு உப்புக் கூடுச்சு. அதுவும் வேணும்னே போட்டது."

அருள்முருகன் இன்னொரு கரண்டி வாங்கி ஊற்றிக்கொள்வான்.