குங்குமம் தின்ற கடிகாரம்

நான் கடைந்து கொடுத்த கடிகார அச்சை ஜானகியக்கா துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். அதுவும் சங்கத்து ஆட்கள் அத்தனை பேர் எதிரில். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். வேறு யாரும் என் வேலையைத் திருப்பியதில்லை. வருஷக்கணக்காகியும் அந்தக் கடுப்பு போகவில்லை.

அக்கா வாட்ச் ஃபேக்டரியில் இருந்தவர். அதை மூடியதும் ஆஸ்டின் டவுனில் வீட்டு முன்அறையிலேயே பழைய கடிகாரம் பார்க்க ஆரம்பித்தார். பாட்டரி கடிகாரம் கொண்டுபோனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கள் சங்க ஹாலில் ஆளுயரக் கடிகாரம் ஒன்று. இரண்டு ஈயக் குண்டுகள் இறங்க இறங்க அது ஓடும். அடிக்கடி நின்றதால் யாரோ ஒரு குண்டோடு படிக்கல்லையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதற்கும் மசியவில்லை. செக்ரட்டரி சுப்ரமணியன் அதனுள்ளே மாட்டப் பாட்டரி மெஷின் வாங்கிவந்துவிட்டார்.

"உள்ள இருக்கறத பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"படிக்கல்லக் கழட்டிட்டு, சொந்த எடையில ஓட்டிக் காட்டறேன்," என்றார் அக்கா. "ஓடலைன்னா இரும்புக் கடைக்கு நானே தூக்கிட்டுப் போறேன்."

பிரித்துப் பார்த்தால் அச்சு முனைகளில் செக்கச்செவேலென்று சேறு. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை, சக்கரம் சக்கரமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறோம். மேலே நல்லெண்ணெய் வேறு. அது பித்தளையை அரைத்து, துளைகளை முட்டை வடிவமாக்கியிருந்தது.

"சாமி கும்பிட்டே கொன்னுட்டீங்களேடா."

தேய்ந்து அகன்ற துளைக்கு ஏற்பத் தடியாகக் கடைந்த புது அச்சோடு நான் போனது அப்போதுதான்.

"பழைய அச்சு நல்லாத்தான் இருக்கு உத்தமா. ஓட்டைதான் கோணிப்போச்சு. இந்தத் தடி அச்ச வெச்சு நான் என்ன, மாட்டுவண்டியா ஓட்டறது?"

எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா பழைய அச்சையே மெருகேற்றினார். துளைகளில் பித்தளை வளையம் அடித்து, மறுபடி அளவாகத் துளைத்தார். பாதி நாள் ஓடி, நின்றுவிட்டது. சுப்ரமணியன் பாட்டரிப் பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, மறுபடி பிரித்தார். ஒரு வளையம் மயிரிழை இறுக்கம். தேய்த்து மாட்டினார். படிக்கல் இல்லாமலே ஓடியது. கடிகாரக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதன்பின் பூஜை வந்தால் கடிகாரத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கதவுமேல் எத்தனை பொட்டு வேண்டுமானாலும் வைக்கலாம். உள்ளே ஒரு விரல் போகக் கூடாது.

இந்த வருடம் பூஜை நெருங்கும்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேசவே மூச்சு வாங்கியது. சாவியை என் கையில் திணித்தார்.

"பூஜையன்னிக்கு நீ போய் உக்காரு. சுப்பு சாவி கேப்பான். அக்காவோட சுடுகாட்டுக்குப் போயிடுச்சுன்னு சொல்லு."