எல்லா மாதமும் முப்பது டிகிரி

சித்தப்பா டீயை உடனே குடிப்பதில்லை. கண்ணாடி டம்ளரை முதலில் இடது காதில் வைத்துக்கொள்வார். காது மடல் அதன் வளைவில் பொருந்தும்வரை மெல்லத் திருப்புவார். அடுத்து வலது காது. அப்புறம் தலையைக் குனிந்து பிடரியில் ஒரு உருட்டு. கடைசியில் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்திக்கொண்டு, கையில் அகப்பட்ட குஞ்சைப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனையும் முடிந்து அது உதட்டுக்குப் போகும்போது டீயில் ஆடை கட்டியிருக்கும்.

"அண்ணே, அது குடிக்க வாங்கினதா, ஒத்தடம் குடுக்க வாங்கினதா?" என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் தினமும் கேட்பார்.

"காது முதல்ல குடிக்கட்டும்டா. வாய்க்கு என்ன அவசரம்" என்று சித்தப்பாவும் தினமும் சொல்வார்.

எங்கள் வேலை குளிர்பதனக் கிடங்கில். மீன், கோழி, பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாம் லாரியில் வந்து, மைனஸ் இருபதில் கிடந்து, மறுபடி லாரியில் போகும். சித்தப்பா உள்ளே வேலை செய்பவர். நான் லாரிகளை அனுப்பும் அறையில், கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம். பெரிய கதவு திறந்து, பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வருவது இங்கிருந்தே தெரியும். இமை முடியில் வெள்ளை படிந்திருக்கும். வந்ததும் கதவுக்கு மேலே ஒளிரும் டிகிரி எண்ணை ஒரு பார்வை பார்ப்பார். உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அவர்களுக்கு வானிலை என்றால் அந்த ஒரு எண்தான்.

சித்தி மாணவர் விடுதி ஒன்றின் சமையற்கட்டில் இருந்தாள். நாலு பெரிய அடுப்புக்கு நடுவே நாளெல்லாம் நின்று வருவாள். ஆகவே அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு போர் நடக்கும். அவர்கள் மகள் கல்யாணமாகிப் போன பிறகு அங்கே தங்க வந்த எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. சித்தி வந்ததும் மின்விசிறியை ஐந்தில் வைப்பாள். சித்தப்பா வந்ததும் ஒன்றுக்கு இறக்குவார்.

"நான் என்ன மனுஷியா, அப்பளமா? இன்னும் எவ்வளவு காயணும்?"

"எனக்கு மட்டும் என்ன, ஃபிரிட்ஜிலேருந்து எடுத்த பால் பாக்கெட் மாதிரி இருக்கேன். நீயே தொட்டுப் பாரு."

"தொட்டா ஷாக் அடிக்கும். தள்ளிப் போங்க."

முடிவில் மின்விசிறி மூன்றில் சுற்றும். ஒருவர் வேர்க்க, ஒருவர் நடுங்க, இரண்டு பேரும் சாப்பிடுவார்கள்.

விளையாட்டு விளையாட்டாக இருந்த இந்தக் குளிர், போன வருஷம் அவர் விரல்களில் இறங்கியது. நுனிகள் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துவிடும். சட்டைப் பித்தான் போட வராது. இரத்த ஓட்டம் குறைகிறது, உள்ளே போவதை நிறுத்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னார். 'நல்லது' என்று அவர் மெல்லச் சொன்னதை, சித்தி 'விட்டுவிடு' என்று கேட்டுக்கொண்டாள். சித்தப்பா ஒன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிடங்கின் வாசல் அறையில் லாரிகளைச் சரிபார்த்து உள்ளே விடுகிறவர் ஓய்வு பெறப் போகிறார் என்ற பேச்சு வந்தது. வெயில் விழும் சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். சித்தி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வேலையைக் கேளுங்களேன்."

"வாசல்ல உக்காந்து வர்ற லாரிக்கெல்லாம் சலாம் போடச் சொல்றியா? உள்ளே எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"மரியாதை இருக்கும். விரல் இருக்காது."

அவர் எழுந்து மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தீவுக்குப் போகும் யோசனை சித்தியுடையது. விடுதிப் பெண் ஒருத்தி கைபேசியில் காட்டிய படங்கள்: தென்னை, நீலத் தண்ணீர், மணலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஜனங்கள். சித்தி அதைப் பார்த்துச் சொக்கிப்போனதாக நான் நினைத்தேன். அவள் கணக்கு வேறாக இருந்தது. சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்துத் தரையில் படுத்துக்கொண்டு, வீங்கிய பாதங்களைப் பார்த்தபடியே என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அந்த மனுஷன் உடம்புல சூடுன்னா என்னன்னே மறந்துபோச்சுடா. ஒரு வாரம் நல்லா வெயில்ல போட்டு எடுத்தோம்னா, அப்புறம் நீ கயிறு கட்டி இழுத்தாலும் அந்த ரூமுக்குள்ள போகமாட்டார். தானே வாசல் வேலையைக் கேப்பார்."

"உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும் சித்தி."

"எனக்கென்னடா ஓய்வு? நான் போறது வைத்தியத்துக்குத் துணையா. இல்லேன்னா இந்தச் செலவுக்கு நான் ஒத்துப்பேனா?"

காலைச் சுவரிலிருந்து இறக்க இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது அவளுக்கு.

சித்தப்பா ஒத்துக்கொள்ளமாட்டார் என்று இருவரும் நினைத்திருந்தோம். இரண்டு நாள் முறைத்துவிட்டு, சாப்பிட்ட தட்டில் கை காய உட்கார்ந்தபடி, "எத்தனை டிகிரி இருக்குமாம் அங்க?" என்று கேட்டார்.

திட்டம் போடுகிற வேலை என் கைபேசிக்கு வந்தது. சாயங்காலங்களில் மூன்று பேரும் கூடத்துத் தரையில் உட்காருவோம். களைப்பில் சித்தி கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே தூங்கிவிடுவாள். நான் தீவின் பெயரைச் சொல்வேன். சித்தப்பா கடற்கரையையும் கேட்கமாட்டார், கோட்டையையும் கேட்கமாட்டார்.

"டிகிரி?"

"முப்பது."

"அடுத்தது?"

"அதுவும் முப்பதுதான்."

"மாசத்துக்கு மாசம் மாறுமே?"

பார்த்தேன். எந்த மாதத்திலும் முப்பதுதான். ஒன்று கூடும், ஒன்று குறையும். அவர் முகத்தில் நான் கண்டிராத ஒரு மலர்ச்சி. ஏற்றாமல் இறக்காமல், மோட்டார் இல்லாமல், வருஷம் முழுக்க ஒரே எண்ணில் நிற்கும் ஒரு இடம். கிடங்குக்காரனுக்கு அதைவிட நம்பகமானது எதுவும் இருக்க முடியாது.

"அப்போ எந்த மாசம் போனா என்ன? சரக்கு கம்மியா இருக்கிற மாசமாப் போவோம். லீவும் சுலபமாக் கிடைக்கும்."

அறை தாராளமாகக் கிடைத்தது. கப்பலிலும் இடம் தாராளம். நாங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். சித்தப்பா சூப்பர்வைசர் அம்மாவிடம் போய் லீவு வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கே நான் டிக்கெட் எடுத்தேன். சித்தி விடுதியில் சொல்லப் போய், 'ஒரு வாரமா? அடுப்பை யார் பாக்குறது?' என்று திட்டு வாங்கிக்கொண்டு, அனுமதியோடு வந்தாள்.

ஃபோர்க்லிஃப்ட்காரரின் மச்சான் கப்பலில் வேலை செய்பவர். டீ வேளையில் தேதியைக் கேட்டதும் ஃபோர்க்லிஃப்ட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே. அந்த மாசமா? அங்க அப்போ வானத்துல ஓட்டை விழுந்த மாதிரி கொட்டும். ஜனம் வீட்டை விட்டே வெளிய வராது. அதான் உங்களுக்கு ரூம் கிடைச்சிருக்கு."

"முப்பது டிகிரின்னு போட்டிருக்கே."

"முப்பது டிகிரியில மழை பெய்யக்கூடாதுன்னு சட்டமா?"

அறை முழுக்கச் சிரித்தது. "குளிருக்குப் பயந்து போய் ஈரத்துல விழுறாரு பாரு" என்றார் ஒருவர். "அண்ணே, ஸ்வெட்டரை இங்க வச்சுட்டு மழைக்கோட்டும் குடையுமா எடுத்துட்டுப் போங்க" என்றார் இன்னொருவர். நானும் அந்தக் கைபேசியில் எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மேகம் வரைந்திருந்தது. மூன்று பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. சித்தப்பா டம்ளரை வலது காதுக்கு மாற்றினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பாதி மடித்த துண்டு.

"வெயிலே இருக்காதா?"

"இருக்காதாம்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வாசல் அறை, நாற்காலி, ஜன்னல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைநழுவுவது எனக்குத் தெரிந்தது. ஈரத்தில் போய் ஈரத்தோடு திரும்பிவந்தால் அவர் மறுபடி அந்தக் கதவுக்குள்தான் போவார். அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

"விட்டுடலாம்ங்க. பணம் போனாப் போகுது. வெயில் மாசம் பாத்துப் போவோம்."

"வெயில் மாசத்துல கிடங்கு நிரம்பி வழியும். யாரு லீவு குடுப்பா?"

"அதுக்காக அவ்வளவு தூரம் போய் ரூமுக்குள்ள உக்காந்து என்ன பண்றது?"

"உக்காரலாம்" என்றார் சித்தப்பா. "படுக்கலாம். மழையா இருந்தாலும் சூடான மழைதானே."

"சூடான மழையாம். இவரு தாளிச்சு இறக்கினாரு."

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வாழ்நாளில் எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவர், மழையில் நனையப் பிடிவாதம் பிடித்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல் அடம்பிடிக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சித்தி துண்டை மடித்து முடித்தாள். "சரி. கம்பளி ஒண்ணு எடுத்து வைக்கிறேன்" என்றாள், தீவுக்குப் போகிறவள்.

அவர்கள் போன பிறகு வீட்டில் மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் கைபேசியில் முதலில் மழைதான் பேசியது. தகரத்தில் விழுகிற மழை, யாரோ ஓயாமல் பட்டாணி கொட்டுவதுபோல. அதற்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் வரும்.

"படகு எதுவும் போகலைடா. கடலே தெரியலை. சாம்பல் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு."

"சித்தப்பா?"

"ஜன்னலைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கார். மழையை எண்றாரு போல."

"நீங்க?"

"தூங்கறேன்டா." குரல் வெட்கப்பட்டது. "எழுந்தா யாரோ சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாங்க. சாப்பிட்டதும் யாரோ தட்டை எடுத்துட்டுப் போறாங்க. நான் எழுந்துக்கப் போனா இவரு, இரு இருன்றாரு. மறுபடி தூங்கிடறேன். இப்படியும் ஒரு தூக்கம் வருமாடா? வைத்தியத்துக்கு வந்துட்டு நான் பாட்டுக்குத் தூங்கிட்டிருக்கேன், இவரு விரல் அப்படியேதான் இருக்கு."

திரும்பி வந்தவர்களை நிலையத்தில் போய் அழைத்துவந்தேன். சித்தியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வெளுத்திருந்தது. கன்னம் லேசாக உப்பி, கட்டிலிலிருந்து நேரே எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள். சித்தப்பா தும்மிக்கொண்டு வந்தார். மைனஸ் இருபதில் ஒரு நாளும் தும்மாத மனுஷன், முப்பது டிகிரியிலிருந்து ஜலதோஷத்தோடு வந்திருந்தார். ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு மாதம் அதை வைத்தே ஓட்டினார்.

அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பும்போது சித்தி கதவருகே நின்று அவர் கையையே பார்த்தாள். குளிர் அறைக்குள் போக ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும் இரண்டு ஜோடி கையுறையை எடுக்கிறாரா என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவர் எடுக்கவில்லை. கிடங்கின் பெரிய கதவைத் தாண்டாமல், வாசல் அறைக்குப் போய், காலியாகியிருந்த நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். முதல் லாரிக்காரரிடம், "நிறுத்துப்பா, உள்ளே விட்டுட்டா அப்புறம் உன் முகத்தை யாரு பாக்குறது" என்றார்.

சாயங்காலம் சித்திக்குத் தலைகால் புரியவில்லை.

"சொன்னேனா இல்லையா? வெயிலே இல்லாம இவ்வளவு வேலை செஞ்சிருக்கு. வெயில் இருந்திருந்தா ராஜினாமாவே பண்ணியிருப்பார்."

"ஆமா, ஆமா" என்றார் சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அந்த ஈரக்காத்து ஏதோ பண்ணிடுச்சு."

சித்தி மறுநாள் விடுதிக்குப் போனாள். அடுப்புகள் அதே இடத்தில்தான் இருந்தன. ஒரு வாரத்தில் கண்ணுக்குக் கீழே கருப்பு திரும்பிவிட்டது. ஆனால் தன் வைத்தியம் பலித்ததை அங்கே எல்லோரிடமும் சொன்னாள். புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று யார் சொன்னாலும், "ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

பல மாதம் கழித்து, சரக்கு குவிந்து எல்லோரும் சோர்ந்திருந்த ஒரு மத்தியானம், சூப்பர்வைசர் அம்மா என் அறையில் வந்து உட்கார்ந்து டீ குடித்தார். ஜன்னல் வழியாக வாசல் அறை தெரிந்தது. தீவு போய் வந்ததும்தான் சித்தப்பாவுக்கு மனசு மாறியது என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"யாரு சொன்னா?" என்றார் அவர். "லீவு கேட்டு வந்தாரே, அன்னிக்கே வாசல் வேலையையும் கேட்டுட்டார். நானும் அப்பவே சரின்னுட்டேன். நாளைக்கே உக்காருங்கன்னேன். இல்லம்மா, ஊருக்குப் போயிட்டு வந்துதான் உக்காருவேன், அதுவரைக்கும் வெளியே சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினார். ஏன்னு கேட்டேன். வேலை மாத்தியாச்சுன்னு தெரிஞ்சா அவ கிளம்பமாட்டா, அப்புறம் எதுக்கு வீண்செலவுன்னு லீவை ரத்து பண்ணிட்டு மறுநாளே அடுப்புக்கிட்ட போய் நின்னுடுவா, அப்படின்னார்."