உள்ளே ரெண்டு பேர் ரத்தம்

இப்போ இருக்கிற ஜனங்களுக்கு செல்போனில் வர்ற பேய்தான் வேணும். நேரில் நடந்ததைச் சொன்னால் பல்லைக் காட்டுகிறான்கள். நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ. இது கள்ளக்குறிச்சியில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில் நடந்தது. நெசம்.

என் மவள் பாப்பாத்திக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. மூச்சு வாங்கிக்கினு கெடந்தாள். பொழுது சாயறதுக்குள்ள ரத்தம் ஏத்தலன்னா பொழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கையில் எடுத்தார்கள். சேருமா என்று பார்க்கணுமாம். லேப்பில் ராதிகா என்று ஒரு பொண்ணு. எனக்கு லேப்புக்காரங்கமேல நம்பிக்கை கெடையாது. பக்கத்திலேயே நின்னேன்.

"இன்னாம்மா பண்ற?"

"கலந்து பாக்கறேன் தாத்தா. திரிஞ்ச பால் மாதிரி ஒட்டிக்கினா ஏத்தக் கூடாது."

என்னுது ஒட்டவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் பாப்பாத்தி ரத்தத்தில் மேலே தெளிஞ்ச தண்ணியை எடுத்து, அவள் ரத்தத்தோடவே கலந்தது அந்தப் பொண்ணு. தன் ரத்தம் தன்னோடு ஒட்டவே ஒட்டாதாம்.

ஒட்டியது.

வேற கண்ணாடித் தகட்டில் பார்த்தது. ஒட்டியது. குளிரில் ஒட்டும் என்று சூடு பண்ணியது. அப்பவும்... கட்டி கட்டியாய்.

"முன்னாடி யார் ரத்தமாவது ஏத்தினீங்களா?"

"ஒரு சொட்டு இல்ல."

"பொய் சொல்லாதீங்க தாத்தா. உள்ள ரெண்டு பேர் ரத்தம் இருக்கு. இது தெரியாம உங்க ரத்தத்த ஏத்த முடியாது."

"பொய் சொல்லி நான் இன்னாத்தக் கண்டேன்? ஒழுங்கா பாரு!"

மணி நாலு பத்து. வார்டுக்கு ஓடினேன். காலையில் வெளுத்துக் கெடந்த உதடு... செவந்திருந்தது.

கண்ணை மூடியபடியே பேசினாள்.

"பெரியப்பா..."

பாப்பாத்தி என்னை நைனா என்பாள். பெரியப்பா என்று கூப்பிட ஒருத்திதான். என் தம்பி மவள் எழில்மதி. அவள் திருப்பூரில், பனியன் கம்பெனியில் இருந்தாள்.

குரலும் அவளுதுதான்.

"பெரியப்பா... அக்காவுக்குப் போதுமா?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் வேணுமா?"

"போதும்மா... போதும்."

மூச்சு ஒண்ணு விட்டாள். அதோடு அந்தக் குரல் நின்றது.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அளவு காலையில் நாலு. இப்போ பத்து. ஒரு பாட்டில்கூட ஏத்தவில்லை.

ராத்திரி தம்பி போன் பண்ணினான். எழில்மதி தையல் மிஷின் மேலேயே சாஞ்சிட்டாளாம். நாலு மணிக்கு மேல்.

மறுநாள் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

ரத்தமும் இல்லை.

மவளை வூட்டுக்குக் கூட்டிப்போற அன்னிக்கு ராதிகா வாசல் வரைக்கும் ஓடி வந்தது.

"தாத்தா, இன்னொரு ரத்தம் யாருதுன்னு தெரிஞ்சுதா?"

"ஒன் மருந்து கெட்டுப்போயிருக்கும். போம்மா."

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். அந்தப் பொண்ணு இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.