மகள் அறையில் குடியேறிய தேனீக்கள்

மகள் கல்யாணமாகிப் பீளமேட்டுக்குப் போன பிறகு, சூலூர்ப் பக்கத்து எங்கள் ஓட்டு வீட்டில் அவள் அறை சும்மாதான் கிடந்தது. தேனீக்கள் விடுமா? ஓட்டுக்கும் உள்ளே அடித்திருந்த பலகைக்கும் நடுவில் அடை கட்டிக்கொண்டன. பகலெல்லாம் ஒரே ரீங்காரம்.

என் வீட்டுக்காரருக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். மத்தியானம் சாப்பிட்டதும் அந்த அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "புள்ள போனதுல இருந்து ஊடு கம்முனு கெடந்துச்சு அம்மணி. இப்பத்தான் சத்தம் கேக்குது" என்பார். நான் ஒருத்தி நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தது அவர் கணக்கில் வரவில்லை.

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர நாள் குறித்ததும், கூட்டை எடுத்துவிடச் சொன்னேன். சின்ன வயதில் ஒரே ஒரு தேனீ கொட்டி, முகம் வீங்கி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். இவர் தலையை ஆட்டினாரே தவிர ஆளைக் கூப்பிடவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு ஈ வேணுமா, புள்ள வேணுமா?"

முகம் வாடிப்போய்விட்டது. உடனே போன் போட்டார்.

வெள்ளகோவில் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவர் வந்து, பலகையைப் பெயர்த்து அடையைப் பெட்டிக்கு மாற்றினார். ராணி உள்ளே போனதும் மற்றவையும் பின்னாலேயே போய்விட்டன. "பெட்டிய நம்ம தோப்புலயே வெச்சுப்போட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்டார்.

இவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாமுங்க. புள்ள காலாற நடக்கற தோப்புங்க. நீங்களே கொண்டு போயிருங்க."

வெறுங்கையாக யாரையும் அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை. வந்தவருக்குத் தேங்காய் கொடுத்தார், சரி. வண்டியில் கட்டிய பெட்டிமேலும் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் வைத்தார். "நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ரோடு வரைக்கும் நடந்தார். மகளை அனுப்பியபோது மண்டபத்தில் கல்லு மாதிரி நின்ற மனுஷன்! கேலி செய்யத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை.

மகள் வந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் படுத்தாள். நான் பாத்திரத்தை எல்லாம் கழுவிவிட்டு வந்தால், இவர் பழையபடி அந்த வாசலில் நாற்காலியோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அதுதான் போயிருச்சுங்களே, இன்னும் என்னத்தக் கேக்கறீங்க?"

அவர் உதட்டில் விரலை வைத்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உள்ளே மகள் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.